டீல் ஊரின் பப்பும் ஒரு மாணவனின் கேள்வியும்



தலைப்பைப் பார்த்ததும், "நம்ம வாத்தியார் பப்புக்குப் போனாரா?" என்று சிரிப்பீர்கள். போனேன். மகளைப் பார்க்க இங்கிலாந்து வந்திருக்கிறேன். போன ஞாயிறன்று மருமகன் எங்களைக் கென்ட் மாவட்டத்தில் உள்ள டீல் என்ற கடற்கரை ஊருக்கு அழைத்துப் போனார். மதியச் சாப்பாடு ஒரு சின்னப் பப்பில். நான் குடித்தது இஞ்சி பீர். பெயரில்தான் பீர், உண்மையில் அது காரமான இஞ்சி சோடா.

தலை இடிக்கிற மாதிரித் தாழ்ந்த கூரை, மூலையில் கணப்பு, பெஞ்சுக்கு அடியில் உறங்கும் நாய். ஒரு பாட்டி பேரனுக்கு உருளைக்கிழங்கு வறுவலை ஊதி ஊதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். பப் என்பது 'பப்ளிக் ஹவுஸ்' என்பதன் சுருக்கம்: ஊராருக்குத் திறந்துவிட்ட வீடு. 1830-ல் வந்த ஒரு சட்டப்படி, வரி கட்டும் வீட்டுக்காரர் யாரும் 2 கினி செலுத்தி உரிமம் வாங்கி, தன் வீட்டிலேயே பீர் விற்கலாம். ஜின் என்ற கடுஞ்சாராயத்திலிருந்து மக்களைத் திருப்புவது அதன் நோக்கங்களில் ஒன்று. தெருவோரப் பப்புகள் பலவும் இன்றும் வீடு போலவே இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

சுவரில் பழைய புகைப்படங்கள். கூழாங்கல் கரையில் ஏற்றிவைத்த பெரிய படகுகள். அவற்றின் முன்னே கைகட்டி நிற்கும் தாடிக்காரர்கள். அந்தப் படங்கள்தான் என்னை எழுந்து நிற்க வைத்தன.

டீலுக்குத் துறைமுகம் கிடையாது. ஆனால் பாய்மரக் காலத்தில் உலகின் பெரிய கப்பல்களெல்லாம் இந்த ஊர் முன்னால் நின்றன. கரையிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர் தள்ளிக் குட்வின் என்ற மணல்திட்டு, ஏறத்தாழ 16 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கிறது. திட்டுக்கும் கரைக்கும் நடுவே உள்ள கடலுக்கு டவுன்ஸ் என்று பெயர். லண்டனிலிருந்து புறப்பட்ட கப்பல்கள் நல்ல காற்றுக்காக இங்கே நங்கூரமிட்டுக் காத்திருந்தன. சில சமயம் வாரக்கணக்கில். அவற்றுக்குத் தண்ணீர், காய்கறி, கடிதம், புது நங்கூரம், பயணிகள் எல்லாவற்றையும் அலையைக் கடந்து கொண்டுபோனவர்கள் டீல் படகுக்காரர்கள். கப்பல் காற்றுக்குக் காத்திருந்தது. படகுக்காரர்கள் கப்பலின் அழைப்புக்கு இந்தத் தெருக்களின் பப்புகளில் காத்திருந்தார்கள்.

1703 நவம்பரில் பெரும்புயல் அடித்தபோது நான்கு போர்க்கப்பல்கள் அந்த மணல்திட்டில் சிக்கி அழிந்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாலுமிகள் இறந்தார்கள். சுமார் 200 பேரை மீட்டது டீல் படகுகள்தான். அதே படகுக்காரர்கள் ஆளைக் காப்பாற்றாமல் பொருளை அள்ளினார்கள் என்று எழுத்தாளர் டேனியல் டெஃபோ குற்றம்சாட்டினார். கள்ளக்கடத்தலும் இவர்களுக்குக் கைவந்த தொழில். 1780களில் பிரதமர் பிட் ராணுவத்தை அனுப்பி, கரையில் ஏற்றியிருந்த படகுகளைக் கொளுத்தவே செய்தார். நீராவிக் கப்பல் வந்த பிறகு காற்றுக்குக் காத்திருக்கும் தேவை போயிற்று; அவர்கள் தொழிலும் மெல்ல மறைந்தது.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். எதிரே பீர் ஊற்றும் கைப்பிடியில் 'இந்தியா பேல் ஏல்' என்று எழுதியிருந்தது. பெயர் பின்னால் வந்தது, பழக்கம் பழையது. கிழக்கு லண்டனில் ஹாட்ஜ்சன் என்பவரின் மதுவடிசாலை, கம்பெனிக் கப்பல் தலைவர்களுக்கு 18 மாதம் வரை கடன் கொடுத்துப் பீர்ப் பீப்பாய்களை ஏற்றியனுப்பியது. அந்தக் கப்பல்கள் டீல் முன்னால் நின்று, பல மாதம் கடலில் போய், சென்னைக் கோட்டைக்கு முன்னால் நங்கூரமிட்டன.

அங்கேயும் துறைமுகம் இல்லை! 1639-ல் ஆங்கிலேயர் இடம் வாங்கினார்கள். துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டியது 1875-ல்தான். நடுவே 230 ஆண்டுகளுக்கு மேல், கவர்னரானாலும் கடிதமானாலும் பீர்ப் பீப்பாயானாலும் பெரும்பாலும் நம் மசூலா படகில்தான் கரை சேர வேண்டும். ஆணி அடிக்காமல், பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்த படகு அது. அலை மோதினால் உடையாமல் வளைந்துகொடுக்கும். படகு கவிழ்ந்தால் ஆட்களைத் தூக்க, கூடவே கட்டுமரங்கள் போகும்.

இப்போது ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பல வருடங்களுக்கு முன், வடசென்னையில் ஏழாம் வகுப்புக்குக் கம்பெனி வந்த கதையை நடத்திக்கொண்டிருந்தேன். கடைசி பெஞ்சில் ஒரு மீனவர் வீட்டுப் பையன் எழுந்து கேட்டான்: "சார், அப்ப ஹார்பர் இல்லியே, கப்பல்லேர்ந்து அவங்கள யாரு சார் கரைக்குக் கொண்டாந்தாங்க?"

"அது பரீட்சைக்கு வராது, உட்காரு" என்றேன். வகுப்பு சிரித்தது. அவன் அதற்கப்புறம் என்னிடம் எதுவும் கேட்டதில்லை.

அவன் கேட்டதுதான் சரியான வரலாற்றுக் கேள்வி. எனக்குப் பதில் தெரியவில்லை; தெரியவில்லை என்று சொல்ல மனமில்லை. டீலில் கொள்ளைக்காரன் என்றும் கடத்தல்காரன் என்றும் திட்டு வாங்கியவர்களின் முகத்தைக்கூட ஊரார் சாப்பிடும் இடத்தில் மாட்டிவைத்திருக்கிறார்கள். அதே கப்பலை மறுகரையில் எதிர்கொண்டவர்களின் பேரப்பிள்ளைகள் என் வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களை வைத்துக்கொண்டே நான் கவர்னர்கள் பெயரை மனப்பாடம் செய்யச் சொன்னேன்.

தம்பி, இதை நீ படித்தால் என்னை மன்னித்துவிடு. கொண்டுவந்தவர்கள் உன் பாட்டன்மார். மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் வீட்டில் மசூலா படகைப் பற்றிப் பேசக்கூடிய பெரியவர்கள் இருந்தால், கேட்டதைக் கீழே எழுதுங்கள். பெயர் தெரிந்தால் பெயரையும் எழுதுங்கள். அடுத்த மாதம் ஊருக்கு வருகிறேன். நேரில் வந்தும் கேட்டுக்கொள்கிறேன்.