மாலைச் சூரியனும் ஆபத்தே: கிரகணத்தைப் பார்ப்பதும் படமெடுப்பதும் எப்படி?

மும்பை: தீபாவளிக்கு மறுநாளான 2022 அக்டோபர் 25 அன்று மும்பையில் தெரிந்த பகுதி சூரிய கிரகணம் முடிவதற்குள் சூரியன் மறைந்துவிட்டது. அதிகபட்ச மறைப்பு சுமார் 24 சதவீதம். தெரிந்த நேரம் 1 மணி 19 நிமிடம்.

மாலைச் சூரியன் மங்கலாகத் தெரிவதால் வெறுங்கண்ணால் பார்க்கலாம் எனப் பலர் எண்ணுவதுண்டு. அது தவறு. விழித்திரைக்கு வலியுணர்வு இல்லாததால் பாதிப்பு உடனே தெரியாது. குளிர்கண்ணாடியும் எக்ஸ்ரே பிலிமும் பாதுகாப்பானவை அல்ல. ஐஎஸ்ஓ 12312-2 தரமுள்ள கிரகணக் கண்ணாடி அல்லது 14-ஆம் எண் வெல்டிங் கண்ணாடி அவசியம். தாராவி போன்ற பகுதிகளின் பட்டறைகளில் எளிதில் கிடைக்கும் வெல்டிங் கண்ணாடியை, எண்ணைச் சரிபார்க்காமல் பயன்படுத்தக் கூடாது. 10, 11 எண்கள் போதாது.

கேமராவிலும் தொலைநோக்கியிலும் சூரிய வடிகட்டியை லென்ஸின் முன்புறத்தில் பொருத்த வேண்டும். கிரகணக் கண்ணாடி அணிந்து அவற்றின் வழியே பார்ப்பது இன்னும் மோசம்: குவிந்த ஒளி கண்ணாடியைத் துளைத்துக் கண்ணைத் தாக்கும்.

செலவில்லாத வழி, சமையலறைச் சல்லடை. அதன் நிழலில் ஒவ்வொரு துளையும் ஒரு பிறைச் சூரியனைக் காட்டும். மாட்டுங்கா மரநிழல்களிலும் இதைக் காணலாம். கைபேசியில் அச்சமின்றிப் படமெடுக்கலாம்.

சந்திர கிரகணத்திற்கு இக்கட்டுப்பாடுகள் இல்லை. முக்காலி இருந்தால் போதும்.

2027 ஆகஸ்ட் 2-இல் நிகழும் முழு சூரிய கிரகணம் இந்தியாவில் பகுதி கிரகணமாகவே தெரியும். ஆகவே, இங்கு எந்த நொடியிலும் கண்ணாடியைக் கழற்றக் கூடாது.