பெட்டியும் குழாயும்

2011 மார்ச்சில் ஃபுகுஷிமா அணுஉலை விபத்து நடந்ததும் ஜப்பான் அரசு 20 கிலோமீட்டருக்கு வட்டம் போட்டு மக்களை வெளியேற்றியது. கதிரியக்கத் துகள்களுக்கு வட்டக் கணக்கு தெரியாதே! காற்றும் மழையும் அவற்றை வடமேற்கே, வட்டத்துக்கு வெளியே இருந்த இடாத்தே கிராமம் வரை கொண்டுபோய்க் கொட்டின. ‘எங்கள் தெருவில் எவ்வளவு?’ என்ற கேள்விக்குப் பதில் சொல்ல ஆளில்லாத அந்த நாட்களில் பிறந்ததுதான், தன்னார்வலர்களே கதிர்வீச்சை அளக்கும் சேஃப்காஸ்ட்.

ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் அப்படியொரு பதற்றம் இல்லை. பள்ளத்தாக்கில் அமைந்த கார் நகரம் அது. நெக்கார்டோர் சந்திப்பின் தூசு பல ஆண்டுகளாகப் பேச்சாக இருந்தது. 2015இல் அங்குள்ள ஓகே லேப் தன்னார்வலர்கள் காற்றிலுள்ள தூசை அளக்கத் தொடங்கிய லுஃப்ட்டாடன் திட்டம், இன்று சென்சார் கம்யூனிட்டி என்ற பெயரில் பல நாடுகளில் இயங்குகிறது.

இரண்டுமே வடிவமைப்பையும் நிரலையும் பொதுவில் வைத்தவை, யாரும் செய்துகொள்ளலாம். ஆனால் கருவியைக் கையில் எடுத்தால் வித்தியாசம் தெரியும்.

சேஃப்காஸ்டின் ‘பீகைகி நானோ’ கையில் எடுத்துச் செல்லக்கூடிய நீர்புகாப் பெட்டி. உள்ளே வட்டத் தட்டு வடிவ கைகர் குழல், ஜி.பி.எஸ்., எஸ்.டி. கார்டு. காரின் ஜன்னலுக்கு வெளியே மாட்டிக்கொண்டு ஓட்டினால், 5 விநாடிக்கு ஒருமுறை அளவையும் இடத்தையும் பதிந்துகொண்டே வரும். சால்டரிங் பழகியவருக்கே ஒரு நாள் வேலை; விலையும் பல நூறு டாலர். பதிவை அனுப்பினாலும் உடனே வரைபடத்தில் ஏறிவிடாது, ஒரு தன்னார்வலர் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஸ்டுட்கார்ட் கருவிக்கு உறை, பிளம்பர் கடையில் கிடைக்கும் 75 மி.மீ. பிளாஸ்டிக் எல்போ இரண்டு. உள்ளே லேசர் தூசு உணரி, வைஃபை போர்டு. எல்லாவற்றையும் கட்ட கேபிள் டை. சால்டரிங் தேவையில்லை. பால்கனியில் தொங்கவிட்டால் இரண்டரை நிமிடத்துக்கு ஒருமுறை எண் இணையத்துக்குப் போய்ச் சேரும். பள்ளிக் குழந்தைகளே செய்துவிடலாம்.

மலிவுக்கு விலை உண்டு. பனிமூட்டம் வந்தால் நீர்த்துளியையும் தூசு என்று எண்ணிவிடும் உணரி அது. ஈரமான காலையில் அது காட்டும் எண்ணை நம்பி ஒரு அதிகாரியிடம் வாதாட முடியாது. சேஃப்காஸ்டின் பலமோ நம்பகத்தன்மை. அணுசக்திக்கு ஆதரவும் இல்லை, எதிர்ப்பும் இல்லை என்று நின்று, தரவு முழுவதையும் உரிமை கோராமல் கொடுத்துவிட்டதால் இரு தரப்பும் அதை எடுத்தாள முடிகிறது. இந்த ஒழுங்கு எனக்குப் பெரிதாகத் தெரிகிறது; சர்க்யூட் வரைபடத்தை வெளியிடுவது அதைவிட எளிய வேலை.

ஆனாலும் புதிதாகத் தொடங்கும் ஊர் குழாயில் தொடங்கட்டும் என்பேன். நூறு வீட்டு வாசலில் அளவி தொங்கினால், நூறு குடும்பம் காற்றைப் பற்றிப் பேசும். ஒரே நிபந்தனை: முதலில் சில வாரம் அரசின் அளவீட்டு நிலையத்துக்குப் பக்கத்தில் மாட்டி, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு எண்ணை வெளியே சொல்லுங்கள்.