காந்த நீர்ப்பதப்படுத்தல்

காந்த நீர்ப்பதப்படுத்தல் என்பது, உப்புகள் கரைந்துள்ள நீரை நிலைக்காந்தத்தின் அல்லது மின்காந்தத்தின் புலத்தினூடே ஓடச் செய்து, அந்நீரிலிருந்து பின்னர்ப் பிரியும் திண்மப் பொருளின் படிக வடிவத்தையும் துகள் பருமனையும் ஒட்டும் தன்மையையும் மாற்ற முயலும் இயற்பியல் முறையாகும். கொதிகலன், வெப்பப் பரிமாற்றி, குளிர்விப்புக் கோபுரம் ஆகியவற்றின் உட்சுவரில் சுண்ணாம்புப் படிவு இறுகுவதைத் தடுப்பதே இதன் முதன்மையான நோக்கம். இம்முறையில் நீரோடு வேதிப்பொருள் எதுவும் சேர்க்கப்படுவதில்லை. நீரிலிருந்து எதுவும் நீக்கப்படுவதும் இல்லை. ஆகவே கடின நீரை மென்னீராக்கும் முறைகளுள் ஒன்றாக இதனை எண்ணுவது பிழை. காந்தத்தைக் கடந்து வந்த நீரில் கால்சியத்தின் மொத்த அளவு முன்பு இருந்தபடியே இருக்கும். சோப்பும் முன்போலவே நுரைக்காது.

மழைநீர் மண்ணிலுள்ள கார்பன் டைஆக்சைடைக் கரைத்துக்கொண்டு சுண்ணாம்புப் பாறைகளினூடே இறங்கும்போது, கரையாத கால்சியம் கார்பனேட் கரையக்கூடிய பைகார்பனேட்டாக மாறி நீரோடு சேர்கிறது. அந்நீரைச் சூடாக்கினால் இவ்வினை பின்னோக்கி நடந்து, கார்பன் டைஆக்சைடு வெளியேற, கால்சியம் கார்பனேட் மீண்டும் திண்மமாகப் பிரிகிறது. பெரும்பாலான உப்புகளுக்கு மாறாக, வெப்பநிலை உயர உயர இதன் கரைதிறன் குறைவதால், மிகச் சூடான பரப்பின் மீதே இது முதலில் படிகிறது. இப்படிவு எஃகு கடத்தும் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூடக் கடத்துவதில்லை. எனவே எரிபொருள் வீணாவதோடு, நீரின் குளிர்ச்சி எட்டாத உலோகத் தகடு அளவுக்கு மீறிக் காய்ந்து இளகிக் கொதிகலன் வெடிக்கவும் நேரும். பிரியும் கால்சியம் கார்பனேட் ஒரே வேதியியல் இயைபு உடையதாயினும் மூன்று படிக வடிவங்களைக் கொள்ளும். சாய்சதுரக் கட்டிகளாக வளர்ந்து சுவரை இறுகப் பற்றும் கால்சைட் மிக நிலையானது. ஊசிகளாக வளரும் அராகோனைட் பெரும்பாலும் தளர்ந்த சேறாகத் தங்கி நீரோடு அடித்துச் செல்லப்படும். மூன்றாவதான வாட்டரைட் நிலையற்றது, விரைவில் மற்ற இரண்டில் ஒன்றாக மாறிவிடும். காந்தமுறை பற்றிய ஆய்வு முழுவதும் இந்த வடிவ வேறுபாட்டைச் சுற்றியே சுழல்கிறது.

கொதிகலன் படிவோடு நிகழ்ந்த போராட்டம் நீராவி எந்திரத்தோடு உடன்பிறந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கொதிகலன் பணியாளர்கள் உருளைக்கிழங்கையும் மரப்பட்டையையும் கொதிகலனுக்குள் இட்டு வந்தனர். அவற்றிலிருந்து கசிந்த மாவுப்பொருளும் டேனினும் சுண்ணாம்புத் துகள்களைப் போர்த்தி, அவை ஒன்றோடொன்று இறுகாமல் சேறாகத் தங்க உதவின. அனுபவத்தால் மட்டும் கண்டறியப்பட்ட இவ்வழக்கம், படிவை நீக்காமல் அதன் தன்மையை மாற்றுவது என்ற கருத்தின் முதல் வடிவம் என்ற வகையில் இங்கு நினைவுகூரத்தக்கது. ஸ்காட்லாந்தின் அபெர்டீன் நகரில் வேதியியல் பேராசிரியராக இருந்த தாமஸ் கிளார்க், கடின நீரோடு சுண்ணாம்பு நீரையே சேர்த்துச் சுண்ணாம்பை வீழ்படிவாக்கி நீக்கும் முறைக்கு 1841இல் காப்புரிமை பெற்றார். நீரின் கடினத்தன்மையைச் சோப்புக் கரைசலால் அளக்கும் முறையும் அவருடையதே. இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் ஜெர்மானியரான ராபர்ட் கான்ஸ், செயற்கைச் சியோலைட்டைக் கொண்டு கால்சியத்தைப் பற்றிக்கொண்டு சோடியத்தை வெளிவிடும் அயனிப் பரிமாற்ற முறையைத் தொழிலுக்குக் கொண்டுவந்தார். இன்றும் மென்னீராக்கத்தின் அடித்தளம் இவ்விரண்டே.

ஓடும் நீரையும் காந்தப்புலத்தையும் இணைத்து ஆராய்ந்த முன்னோடி மைக்கேல் பாரடே ஆவார். மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்த சில மாதங்களிலேயே, 1832 சனவரியில், அவர் லண்டன் வாட்டர்லூ பாலத்தின் கைப்பிடிச் சுவர்மீது 960 அடி நீளச் செப்புக் கம்பியை இழுத்துக் கட்டி, அதன் இரு முனைகளிலும் இணைத்த உலோகத் தகடுகளைத் தேம்ஸ் ஆற்றில் அமிழ்த்தி, புவியின் காந்தப்புலத்தைக் குறுக்காகக் கடந்தோடும் ஆற்றுநீரில் மின்னோட்டம் தோன்றுகிறதா என்று சோதித்தார். தகடுகளின் பரப்பில் நிகழ்ந்த வேதிவினைகள் குறுக்கிட்டதால் உறுதியான முடிவு கிட்டவில்லை. ஆயினும் அக்கருத்து சரியானதே. கரைந்த அயனிகள் காந்தப்புலத்தைக் குறுக்காகக் கடக்கும்போது நேர்மின் அயனிகள் ஒரு பக்கமும் எதிர்மின் அயனிகள் மறுபக்கமும் தள்ளப்படுகின்றன. இத்தள்ளுதலுக்கு லாரன்ஸ் விசை என்று பெயர். 1936இல் அலெக்சாண்டர் கோலின் இதே தத்துவத்தால் குருதியின் ஓட்டத்தை அளக்கும் கருவியை அமைத்தார். கழிவுநீர், காகிதக்கூழ் முதலியவற்றின் ஓட்டத்தை அளக்கும் மின்காந்தப் பாய்வுமானிகள் அதன் வழிவந்தவை. பாரடே 1845இல் டயா காந்தத்தன்மையையும் கண்டறிந்தார்: நீர் உள்ளிட்ட பெரும்பாலான பொருள்கள் காந்தத்தால் ஈர்க்கப்படாமல் மிக மெலிதாக விலக்கப்படுகின்றன என்பதே அதன் பொருள்.

படிவைத் தடுக்க இவ்விசைகளைப் பயன்படுத்தும் எண்ணம் தொழிற்பட்டறைகளில் தனியே வளர்ந்தது. கொதிகலன் படிவை மின்வழியில் தடுக்கும் கருவி ஒன்றுக்கு அமெரிக்காவில் பான்ஸ், கேபல் என்ற இருவர் 1890இல் காப்புரிமை பெற்றனர். எனினும் தொழில்முறையில் நிலைபெற்ற முதற்கருவி பெல்ஜியத்தைச் சேர்ந்த தியோ வெர்மெய்ரனுடையது. அவர் 1945இல் தம் நாட்டில் காப்புரிமை பெற்று, காந்த விசைக்கோடுகளை நீர் குறுக்காகக் கடக்குமாறு கருவியை வடிவமைத்தார். அதனூடே சென்ற நீரைக் காய்ச்சும்போது கெட்டியான ஓடு உண்டாகாமல் எளிதில் வெளியேற்றத்தக்க சேறே தங்குகிறது என்று அறிவித்தார். நீர் தேங்கி நின்றால் பயன் இல்லை, ஓடும்போதே பயன் உண்டு என்ற அவருடைய கூற்று, பிற்காலத்து ஆய்வுகளில் பலவற்றோடு ஒத்துப்போவது அவரது கூர்ந்த நோக்குக்குச் சான்றாகும். அக்கருவிகள் அமெரிக்காவை அடைந்தபோது வரவேற்பு கிட்டவில்லை. அங்கு ரோல்ப் எலியாசனும் உடனாய்வாளர்களும் 1950களில் இத்தகைய கருவிகளைச் சோதித்து, படிவில் வேறுபாடு ஏதும் காணப்படவில்லை என்று எழுதினர். அதன்பின் மேற்கத்திய நீர்வேதியியலாளர் பலர் இத்துறையைப் போலி அறிவியலாகவே கருதி ஒதுக்கினர்.

சோவியத் ஒன்றியத்தில் நிலைமை முற்றிலும் வேறாக இருந்தது. அங்கு 1960கள் முதலே வெந்நீர்க் கொதிகலன்களிலும் வெப்பப் பரிமாற்றிகளிலும் காந்தக் கருவிகள் பரவலாகப் பொருத்தப்பட்டன. கனிமங்களை நுரைமிதப்பு முறையில் பிரிக்கும் துறையின் அறிஞரான கிளாசென், நீர்க்கரைசல்களைக் காந்தமேற்றுதல் குறித்து 1978இல் மாஸ்கோவில் வெளியிட்ட நூலில் ஏராளமான ஆலை அனுபவங்களைத் தொகுத்தார். அதன் விரிவாக்கப்பட்ட பதிப்பு 1982இல் வந்தது. கொதிகலனோடு நில்லாமல், காந்தநீரால் குழைத்த கான்கிரீட்டின் வலிமை, நுரைமிதப்பின் திறன், கலங்கல் நீர் தெளியும் வேகம் ஆகியவையும் அதில் ஆராயப்பட்டன. காந்தமேறாத நீரை அருகிலேயே இணையாக ஓடவிட்டு ஒப்பிடும் கட்டுப்பாட்டுச் சோதனை பலவற்றில் இல்லாமையே இவ்வறிக்கைகளின் பெருங்குறை. போதாக்குறைக்கு, சோவியத் அறிஞர்களான பெத்யாகினும் தெர்யாகினும் நீரின் புதிய வடிவமாகக் கண்டதாகக் கூறப்பட்ட 'பல்படி நீர்' உண்மையில் கண்ணாடி நுண்குழாயில் சேர்ந்த மாசுகளின் கரைசலே என்பதைத் தெர்யாகினே 1973இல் ஒப்புக்கொண்ட பிறகு, நீரின் தன்மை மாறியதாகக் கூறும் எந்த ரஷ்ய ஆய்வையும் ஐயத்தோடு நோக்கும் வழக்கம் மேற்கில் வலுப்பெற்றது. காந்தநீர் ஆய்வு அந்த ஐயத்தின் சுமையைத் தகுதிக்கு மீறியே சுமந்தது.

கருவிகள் அவற்றின் புலத்தை உண்டாக்கும் வழியால் இரண்டு பெரும் வகைப்படும். நிலைக்காந்தக் கருவிகளில் பெரைட் அல்லது அருமண் உலோகக் காந்தங்கள் குழாய்க்குள்ளே நீரோட்டத்தின் நடுவிலோ குழாய்க்கு வெளியிலோ அமைக்கப்படும். அவற்றின் புலவலிமை பொதுவாக டெஸ்லாவில் பத்தில் ஒரு பங்கு முதல் பத்தில் சில பங்குகள் வரை இருக்கும். இரும்புக் குழாயின் வெளிப்புறத்தில் காந்தங்களைக் கட்டுவது பெரும்பாலும் வீண், ஏனெனில் விசைக்கோடுகள் நீருக்குள் நுழையாமல் இரும்புச் சுவரின் வழியாகவே சுற்றிச் சென்றுவிடும். செம்பு, பிளாஸ்டிக் குழாய்களில் இத்தடை இல்லை. இரண்டாம் வகையில், குழாயைச் சுற்றிய கம்பிச்சுருளில் மாறுமின்னோட்டமோ துடிப்பு மின்னோட்டமோ செலுத்தப்பட்டு நீருக்குள் மின்புலம் தூண்டப்படும்.

காந்தம் எதன்மீது செயற்படுகிறது என்பதே இத்துறையின் மையக் கேள்வி. நீர் மூலக்கூறின்மீதே அது செயற்படுவதாகக் கொள்ளும் விளக்கங்களை ஏற்க இயலாது. நீரின் டயா காந்த ஏற்புத்திறன் ஒரு கோடியில் ஏறத்தாழத் தொண்ணூறு பங்கே. நீரைப் பிளந்து காட்ட 8 டெஸ்லா அளவிலான புலமும், 1997இல் நெதர்லாந்தின் நெய்மெகன் நகரில் ஆந்திரே கைம் செய்தது போல உயிருள்ள தவளையை அந்தரத்தில் மிதக்கவிட 16 டெஸ்லா அளவிலான புலமும் தேவைப்பட்டன. தனித்த ஓர் எலெக்ட்ரானுக்கு 1 டெஸ்லா புலம் தரும் ஆற்றல்கூட அறைவெப்பநிலையின் வெப்ப ஆற்றலில் நானூறில் ஒரு பங்குக்கும் குறைவு. நீர் மூலக்கூறிலோ தனித்த எலெக்ட்ரானே இல்லை. நீர் மூலக்கூறுகளை இணைக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகளும் ஒரு நொடியின் இலட்சம் கோடியில் ஒரு பங்கான பிக்கோ நொடி அளவிலேயே முறிந்து மாறுவதால், காந்தத்தை நீர் 'நினைவில் வைத்திருக்கிறது' என்று வணிகர்கள் கூறுவதற்கு அடிப்படை இல்லை. லாரன்ஸ் விசையும் சிறியதே: 0.2 டெஸ்லா புலத்தை நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் கடக்கும் நீரில் தூண்டப்படும் மின்புலம் மீட்டருக்கு 0.4 வோல்ட்டே ஆக, ஓர் அயனி தன்னிடமிருந்து ஒரு நானோமீட்டர் தொலைவில் உண்டாக்கும் புலமோ நீரினுள்ளும் மீட்டருக்கு ஒரு கோடி வோல்ட்டுக்கு மேற்பட்டது.

எனவே விளைவு நீரில் அன்று, நீரில் மிதக்கும் நுண்துகள்களிலும் அயனித் திரள்களிலுமே தேடப்பட வேண்டும். ஜப்பானில் ஹிகாஷிதானி குழுவினர் 1993இல் வெளியிட்ட ஆய்வில், 0.3 டெஸ்லாவுக்கு மேற்பட்ட புலத்தில் பத்து நிமிடத்துக்கு மேல் வைக்கப்பட்ட கரைசல்களில் படிகக் கருக்கள் குறைவாகத் தோன்றி, தோன்றியவை பெரிதாக வளர்ந்தன. டப்ளின் டிரினிட்டி கல்லூரியைச் சேர்ந்த மைக்கேல் கோயியும் ஸ்டீபன் காஸும் 2000இல், ஏறத்தாழ 0.1 டெஸ்லா புலத்தைக் கடந்த நீரைக் காய்ச்சும்போது கால்சைட்டுக்கு எதிரான அராகோனைட்டின் விகிதம் உயர்வதையும், இவ்விளைவு 200 மணி நேரத்துக்கு மேலும் நீடிப்பதையும் புள்ளியியல் உறுதியோடு காட்டினர். கரைந்த உப்பு ஒன்று இவ்வளவு காலம் மாற்றத்தைத் தாங்கி நிற்பது அக்காலக் கொள்கைப்படி விளங்காதிருந்தது. 2008இல் கெபவர், கோல்பென் ஆகியோர், படிகக் கரு தோன்றுமுன்னரே கால்சியம் கார்பனேட்டின் நிலையான நுண்திரள்கள் கரைசலில் இருப்பதைக் கண்டறிந்த பின்னரே வழி பிறந்தது. இத்திரள்களே காந்தப்புலச் சரிவின் செயற்களம் என்று கோயி 2012இல் முன்வைத்த விளக்கம் இதுவரை வந்தவற்றுள் மிகப் பொருத்தமானது.

கருவியிலிருந்தும் குழாயிலிருந்தும் கரையும் இரும்பு, துத்தநாகம் ஆகியவையும் புறக்கணிக்கத்தக்கவை அல்ல. இரும்பு அயனிகள் கால்சைட்டின் வளர்ச்சியைத் தடுப்பது 1989இலும், துத்தநாகத்தின் மிகச் சிறு அளவே அராகோனைட்டை வளர்ப்பது 1996இல் தென்னாப்பிரிக்காவிலும் காட்டப்பட்டன. பித்தளைப் பொருத்துகள் கொண்ட கருவிகளின் வெற்றியில் ஒரு பகுதி இவற்றுக்கே உரியது.

ஆய்வகத்தில் தெளிவாகும் காந்த விளைவு ஆலையில் எப்போதும் கிட்டுவதில்லை. அமெரிக்கத் தரைப்படையின் பொறியியல் ஆய்வகம் ராக் ஐலண்டு படைக்கலச் சாலையில் மூன்று கருவிகளைச் சோதித்து 2001இல் வெளியிட்ட அறிக்கையில், எதுவும் படிவைத் தடுக்கவில்லை என்று குறித்தது. ஆயினும் இக்கருவிகள் இந்தியா உள்ளிட்ட பல நாடுகளில் வீட்டுக் கீசர்களுக்கும் சொட்டுநீர்ப் பாசனத்துக்கும் விற்கப்பட்டு வருகின்றன.