கேரவனில் ஃபிரிட்ஜ்: பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும்?

அரை யூனிட் கரண்ட். வீட்டில் இருக்கும்போது நாம் கண்டுகொள்ளாத அளவு. ஆனால் கேரவனில் ஒரு சின்ன ஃபிரிட்ஜை ஒரு நாள் ஓட்ட கிட்டத்தட்ட அவ்வளவுதான் தேவை. அதைச் சேமித்து வைக்கத்தான் கனமான ஒரு பேட்டரியைச் சுமந்துகொண்டு போக வேண்டியிருக்கிறது.

கேரளா 2021-ல் கேரவன் சுற்றுலாவுக்கென்றே தனிக் கொள்கை அறிவித்தது. கேரவன் பார்க்கில் வண்டியை நிறுத்தினால் பிளக் பாயின்ட் கிடைக்கும், கவலை இல்லை. ஸ்பிதியிலோ ஜெய்சல்மரிலோ சாலையோரம் இரவைக் கழித்தால் பேட்டரிதான் கதி. பால் திரிந்தால் பரவாயில்லை. ஆனால், கூட வரும் அப்பாவின் இன்சுலின் அந்த ஃபிரிட்ஜில் இருந்தால்?

கணக்கு போட்டுப் பார்க்கலாம்.

பேட்டரியில் எவ்வளவு இருக்கிறது?

12 வோல்ட், 100 ஏஹெச் பேட்டரி என்றால் 12 × 100 = 1,200 வாட்-ஹவர். அதாவது 1.2 யூனிட். ஆனால் லெட்-ஆசிட் பேட்டரியைப் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் அதன் ஆயுள் குறையும். எனவே கையில் இருப்பது 0.6 யூனிட்தான். அதே அளவு லித்தியம் பேட்டரியில் சுமார் 1 யூனிட்டை தாராளமாக எடுக்கலாம்.

ஃபிரிட்ஜ் எவ்வளவு இழுக்கும்?

12 வோல்ட்டில் ஓடும் 40 லிட்டர் கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ் 50 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது நாள் முழுக்க ஓடாது. உள்ளே குளிர்ந்ததும் நிற்கும், சூடேறினால் மறுபடி ஓடும். எவ்வளவு நேரம் ஓடும் என்பதை வெளியே அடிக்கும் வெயில்தான் தீர்மானிக்கிறது. ஒரு உதாரணக் கணக்கு:

• குளிர்ந்த மலைப்பகுதி, 20% நேரம் ஓட்டம்: நாளுக்கு 0.24 யூனிட். லெட்-ஆசிட் 60 மணி நேரம் தாங்கும்.
• மிதமான வெப்பம், 40% ஓட்டம்: 0.48 யூனிட். 30 மணி நேரம்.
• கோடை ராஜஸ்தான், 70% ஓட்டம்: 0.84 யூனிட். 17 மணி நேரம்.

ஃபிரிட்ஜ் அதேதான், பேட்டரியும் அதேதான். 60 மணி நேரம் 17 ஆகிவிட்டது! எனவே பெரிய பேட்டரிக்குக் காசு செலவழிக்கும் முன் சூட்டைக் குறைக்கப் பாருங்கள்.

செலவில்லாமல் என்ன செய்யலாம்?

வண்டியை நிழலில் நிறுத்துங்கள். ஃபிரிட்ஜின் பின்பக்கம் காற்று போக இடம் விடுங்கள். அங்கே பெட்டியை அடுக்கினால் வெப்பம் வெளியேறாது. கிளம்புவதற்கு முந்தைய நாளே வீட்டு கரண்டில் போட்டு, ஃபிரிட்ஜையும் உள்ளே வைக்கும் பொருட்களையும் குளிர வைத்துவிடுங்கள். ஃப்ரீசரில் உறைய வைத்த தண்ணீர் பாட்டில்களையும் போடுங்கள்: 1 கிலோ ஐஸ் உருகும்போது சுமார் 93 வாட்-ஹவர் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும்.

எந்த ஃபிரிட்ஜ் வாங்கலாம்?

விலை குறைவு என்று தெர்மோஎலெக்ட்ரிக் கூலர் பக்கம் போகாதீர்கள். பெரும்பாலும் அது நிற்காமல் ஓடும். 50 வாட் என்றால் நாளுக்கு 1.2 யூனிட். வெளியே இருப்பதைவிட சுமார் 15-20 டிகிரி குறைவாகத்தான் குளிர்விக்கும். 42 டிகிரி வெயிலில் உள்ளே 22 டிகிரி என்றால் பாலுக்கே அது போதாது. வீட்டு ஃபிரிட்ஜை இன்வெர்ட்டரில் மாட்டுவதும் நஷ்டம்தான். மின்சாரத்தை மாற்றுவதிலேயே ஒரு பங்கு போய்விடும்.

திரும்ப எப்படி ஏற்றுவது?

200 வாட் சோலார் பேனல், 5 மணி நேர நல்ல வெயில், 30% இழப்பு என்று வைத்தால் நாளுக்கு 0.7 யூனிட் வரும். மழைக்காலத்தில் இதை நம்ப முடியாது. வண்டி ஓடும்போது ஆல்டர்னேட்டரிலிருந்து 30 ஆம்ப் டிசி-டிசி சார்ஜர் வழியாக ஏற்றினால் 2 மணி நேரத்தில் கிட்டத்தட்ட அதே அளவு கிடைக்கும். லடாக் போகிறவர்கள் கவனத்துக்கு: பேட்டரியின் வெப்பநிலை 0 டிகிரிக்குக் கீழே இருக்கும்போது சாதாரண லித்தியம் பேட்டரியை சார்ஜ் செய்யக் கூடாது.

இரண்டு எச்சரிக்கைகள். வண்டியை ஸ்டார்ட் செய்யும் பேட்டரியில் ஃபிரிட்ஜை மாட்டாதீர்கள். காலையில் வண்டி கிளம்பாது. அடுத்து, ஒயர். 5 மீட்டர் தூரத்துக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டால், 5 ஆம்ப் ஓடும்போது அரை வோல்ட் வழியிலேயே போய்விடும். பேட்டரியில் சார்ஜ் இருந்தும், தீர்ந்துவிட்டதாக நினைத்து ஃபிரிட்ஜ் தானாக அணைந்துவிடும். 4 சதுர மில்லிமீட்டர் போட்டால் இந்த இழப்பு பாதிக்கும் கீழே குறையும்.

இன்சுலின் இருந்தால்?

திறக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும். உறைந்துபோனால் பயன்படுத்தக் கூடாது. அதனால் ஐஸ் பாட்டிலையோ குளிர்த் தகட்டையோ தொடாதபடி நடுவில் வையுங்கள். ஃபிரிட்ஜ் காட்டும் எண்ணை மட்டும் நம்பாமல் உள்ளே தனியாக ஒரு தெர்மாமீட்டர் போடுங்கள். பயணத்தில் எத்தனை நாள் எப்படி வைக்கலாம் என்பதை மருந்துப் பெட்டியில் உள்ள குறிப்பைப் பார்த்து, டாக்டரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கிளம்பும் முன் ஒரே ஒரு சோதனை போதும். வண்டியை வீட்டு வாசலில் நிறுத்தி, பேட்டரியில் மட்டும் ஃபிரிட்ஜை 24 மணி நேரம் ஓட விடுங்கள். மீட்டரில் எத்தனை வாட்-ஹவர் என்று குறித்துக்கொள்ளுங்கள். விளம்பரத்தில் போட்டிருக்கும் எண்ணைவிட உங்கள் வண்டிக்குப் பொருந்தும் எண் அதுதான்.