மரிக்கார் வேடத்தில் ராமதாஸ்

தலைமன்னாரிலிருந்து 1914-இல் கப்பல் சேவை தொடங்கியது. பாக்கு நீரிணையைத் தாண்டி, கடவுச்சீட்டுக் கேட்காத இன்னொரு போக்குவரத்தும் நடந்தது: இலங்கை வானொலி. எழுபதுகளில் அதில் வாராவாரம் ஒலித்த ‘கோமாளிகள் கும்மாளம்’ நகைச்சுவைத் தொடர் நம் மன்னார்க் கரையின் வரலாற்றில் சேர்க்கவேண்டிய ஒன்று.

தொடரை எழுதியவர் எஸ். ராமதாஸ். அதில் அவர் மரிக்கார்: இஸ்லாமியத் தமிழ் பேசும் மனிதர். செல்வசேகரன் சிங்களவரான உபாலியாகி, தமிழைத் தட்டுத்தடுமாறிப் பேசினார். பிராமணப் பேச்சோடு வந்த ஐயர் யார்? பி. எச். அப்துல் ஹமீத்! யாழ்ப்பாணத் தமிழ் பேசும் அப்புக்குட்டியாக டி. ராஜகோபால். இந்துவின் வாயில் முஸ்லிம் பேச்சு, முஸ்லிமின் வாயில் ஐயர் பேச்சு, தமிழரின் வாயில் சிங்களவர் பேச்சு. 1976-இல் இதே நால்வரும் ‘கோமாளிகள்’ படத்தில் திரைக்கும் வந்தார்கள்.

கேலிச்சித்திரக்காரர் மூக்கைக் கொஞ்சம் நீட்டி வரைவதுபோல, இவர்கள் பேச்சின் இழுவையைக் கொஞ்சம் நீட்டினார்கள். அது புண்படுத்தியிருக்கலாம். ஆனால் அயலவன் பேச்சை அந்த நுணுக்கத்தோடு பேச, அவனோடு இருந்து பழகியிருக்க வேண்டும். அந்தப் பழக்கம்தான் சிரிப்பை நஞ்சாகாமல் காத்தது என்பேன்.

மன்னாருக்கு இது புதிதுமல்ல. எருக்கலம்பிட்டியில் முஸ்லிம்கள், பேசாலையில் கத்தோலிக்கர், நீரேரிக்கு அப்பால் திருக்கேதீச்சரத்தில் சிவாலயம் என்று அருகருகே வாழ்ந்த மண். இங்கே கூத்தும் அப்படித்தான்: ஊரறிந்த மீனவர் அரசனாவார், விடிந்தால் கடலுக்குப் போவார்.

1983 ஜூலைக் கலவரம் இந்த நாட்டின் பழக்கங்களை எரித்தது. அடுத்த ஆண்டு கப்பலும் நின்றது. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, மன்னார்த் தீவின் குடும்பங்கள் படகேறிக் கற்பிட்டிப் பக்கம் ஒதுங்கின. அந்த அநீதியை, வானொலியில் சேர்ந்து சிரித்த தலைமுறையே கண்ணால் கண்டது.

ஒட்டிய பெயர்கள் மட்டும் உதிரவில்லை. ரசிகர்களுக்கு அவர் ‘மரிக்கார்’ ராமதாஸ், இவர் ‘உபாலி’ செல்வசேகரன், மற்றவர் ‘அப்புக்குட்டி’ ராஜகோபால். அடுத்தவர் சமூகத்தின் பெயரை ஒருவர் தன் பெயருக்கு முன்னால் வாழ்நாள் முழுக்கச் சூடிக்கொள்ள முடிந்த நாடாகவும் இது இருந்தது.