பன்னீர்த் திராட்சையின் நிலமும் பொழுதும்

நிலமும் பொழுதுமே முதற்பொருள் என வகுத்தது தொல்காப்பியம். உணவும் மரமும் பறவையும் தொழிலும் அவற்றிலிருந்து பிறக்கும் கருப்பொருள்கள். பிரெஞ்சு நாட்டுத் திராட்சைத் தோட்டக்காரர்கள் 'தெர்வார்' என்று ஒரு சொல் வழங்குகிறார்கள். தோட்டத்து மண், அதன் சரிவு, அங்கே வீசும் காற்று, பெய்யும் மழை ஆகிய யாவும் அத்தோட்டத்து இரசத்தில் சுவையாக வந்து நிற்கும் என்பது அதன் பொருள். 1098இல் பர்கண்டியில் சீத்தோ மடத்தை நிறுவிய துறவியரின் வழிவந்தோர் அங்குள்ள மலைச்சரிவுகளில் திராட்சை வளர்த்து, மேற்சரிவில் விளைந்ததற்கும் அடிவாரச் சமநிலத்தில் விளைந்ததற்கும் சுவை வேறுபடுவதைத் தலைமுறை தலைமுறையாகக் கண்டறிந்தனர். நம் திணைக் கோட்பாட்டைப் படித்த எவருக்கும் இது புதுமையாகத் தோன்றாது.

ஆயினும் தமிழகத்தில் திராட்சை இரசம் நெடுங்காலம் நம் நிலத்தின் கருப்பொருளாக இருந்ததில்லை. அது கடல்வழியே வந்த பொருள். யவனர் கொணர்ந்த நறுந்தேறலைப் புறநானூறு பேசுகிறது. 1945இல் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டை அகழ்ந்தபோது, மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து இரசம் சுமந்து வந்த கூர்முனைச் சாடிகளின் துண்டுகள் கிடைத்தன. சேர நாட்டுத் தோமையார் கிறிஸ்தவர்கள் திருப்பலிக்கு இரசம் கிடைக்காமல், வணிகர் கொணர்ந்த உலர்ந்த திராட்சையை நீரில் ஊறவைத்துப் பிழிந்து பயன்படுத்தியதைப் போர்த்துகீசியரான துவார்த்தே பார்போசா 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிவைத்தார். 1599இல் கூடிய உதயம்பேரூர்ச் சங்கம் இக்குறையைப் போக்க, ஆண்டுதோறும் மஸ்கட்டேல் இரசம் அனுப்பியருளுமாறு போர்த்துகல் மன்னரை வேண்டிக்கொண்டது. மஸ்கட் என்பது மணமுள்ள ஒரு திராட்சைக் குலத்தின் பெயர். அக்குலத்துக் கொடி ஒன்று பிற்காலத்தில் தமிழகத்திலேயே ஒரு மலையடிவாரத்தைத் தன் ஊராக்கிக்கொண்டது.

அந்த ஊர் தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கு. மேற்கே ஏலமலை, கிழக்கே மேகமலையும் வருசநாட்டு மலைத்தொடரும், இடையே கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 400 மீட்டர் உயரத்தில் கூடலூர், கம்பம், சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, ஆனைமலையன்பட்டி, கத்தோலிக்கர் பெருந்தொகையாய் வாழும் இராயப்பன்பட்டி என ஊர்கள் தொடர்கின்றன. தென்மேற்குப் பருவமழை குமுளிக்கு மேலே கொட்டித் தீர்த்துவிடுகிறது. அடிவாரத்துக்கு இறங்குவது பெரும்பாலும் சாரலும் காற்றும்தான். மழை மறைவான இந்நிலத்துக்கு நீர் வேறு வழியில் வந்தது. 1895இல் பென்னிகுவிக் கட்டிமுடித்த பெரியாற்று அணையின் நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கு நோக்கித் திரும்பியது. வானம் உலர்ந்தும் ஆறு நிறைந்தும் இருக்கும் இந்நிலை திராட்சைக்கு உகந்தது. இலைமேல் ஈரம் நின்றால் பூஞ்சணம் பிடிக்கும். வேருக்கோ நீர் வேண்டும், ஆனால் தேங்கலாகாது. இங்குள்ள செம்மண் நீரை உள்வாங்கி வடித்துவிடுகிறது.

நான் பணிபுரியும் வல்லக்கோட்டைப் பக்கத்தை இதனோடு ஒப்பிட்டால் வேற்றுமை விளங்கும். எங்கள் ஏரிக்கீழ்க் கழனிகளில் நீர் நிற்கும். நெல்லுக்கு அது வரம், திராட்சைக்கு நஞ்சு. ஐப்பசி, கார்த்திகையில் கடற்காற்றோடு வரும் மழையில் எந்தப் பந்தலும் பழுதின்றித் தப்பாது. அக்கழனிகளில் பல இன்று ஒரகடம் சாலையோரத் தொழிற்சாலைகளாகிவிட்டன. அங்கே உருவாகும் வண்டிக்குத் தான் எந்த மண்ணில் பிறந்தோம் என்பது தெரியாது. திராட்சைக்குத் தெரியும்.

மண்ணைவிட வியப்பானது பொழுது. ஐரோப்பாவில் திராட்சைக்கொடி குளிர்காலத்தில் இலையுதிர்த்து உறங்கும். இளவேனிலில் விழித்து, ஆண்டுக்கு ஒருமுறை காய்க்கும். பூமத்திய ரேகைக்கு வடக்கே 10 பாகைக்குள் இருக்கும் கம்பத்தில் கொடியை உறங்கவைக்கும் குளிர் இல்லை. விட்டுவிட்டால் நுனியில் மட்டும் தழைத்து நீண்டுகொண்டே போகும், காய்ப்பு குன்றும். குளிர்காலம் செய்யவேண்டிய வேலையை இங்கே கவாத்துக் கத்தி செய்கிறது. மார்கழி, தையில் கிளைகளை வெட்டினால் சித்திரை, வைகாசியில் அறுவடை. வைகாசி, ஆனியில் வெட்டினால் ஆவணி, புரட்டாசியில் அறுவடை. வெட்டிய நாளிலிருந்து ஏறத்தாழ மூன்று முதல் நான்கு மாதம். தோட்டத்துக்குத் தோட்டம் நாளை மாற்றி வெட்டுவதால், ஆண்டு முழுவதும் பள்ளத்தாக்கில் ஏதோ ஒரு பந்தலில் பழம் தொங்குகிறது. யோவான் நற்செய்தியின் 15ஆம் அதிகாரத்தில் கிளை நறுக்கும் தோட்டக்காரரைக் காண்கிறோம். பாலஸ்தீனத்து உழவர் பருவம் அழைக்கக் கத்தி எடுத்தார். கம்பத்து உழவரின் கத்தியோ பருவத்தையே அழைக்கிறது.

இதன் விளைவு பழத்தில் தெரிகிறது. வெட்டியபின் தளிர்க்கும் கிளைகளில் எத்தனை குலை வரும் என்பது, அம்மொட்டுகள் உருவானபோது அவற்றின்மீது விழுந்த வெயிலைப் பொறுத்தது. மேகம் மூடிய நாள்களில் உருவான மொட்டு பெரும்பாலும் வெறும் கொடியாகவே போகும். கோடையில் முதிரும் பழத்தில் சர்க்கரை ஏறும். ஆனால் வெப்பம் மிகுந்தால் பழத்திலுள்ள மாலிக் அமிலம் விரைந்து குறையும். புளிப்பு குன்றிய சாற்றில் இனிப்பு தட்டையாகத் தோன்றும். மலையடிவாரத்து இரவுகள் சமவெளியின் இரவுகளைவிடத் தணிந்திருப்பதால் அந்த இழப்பு சற்றே மட்டுப்படுகிறது. சாரல் காலத்துப் பழமோ நீர் கோத்து இனிப்புக் குறையும், தோல் வெடிக்கும், அடிச்சாம்பல் நோயும் எளிதில் பற்றும். அந்நோய்க்கு உழவர்கள் தெளிக்கும் மயில்துத்தச் சுண்ணாம்புக் கலவையின் பெயர் போர்டோ கலவை. 1880களில் பிரான்சின் போர்டோ தோட்டங்களில் பிறந்த மருந்து அது. இரசத்தைக் காணாத எத்தனையோ உழவர் நாவில் ஓர் இரசநாட்டின் பெயர் நாள்தோறும் புழங்குகிறது!

பன்னீர் என்னும் பெயருக்கும் காரணம் உண்டு. மஸ்கட் குலத்தின் மணத்தை உண்டாக்கும் பொருள்களுள் ஒன்றான ஜெரானியால், ரோஜாவின் நறுமண எண்ணெயிலும் இருக்கிறது. இம்மணம் எளிதில் பறந்துவிடும். சாறு வெப்பத்தில் நொதித்தால் பெரும்பகுதி ஆவியோடு போய்விடும். எனவே இப்பழத்திலிருந்து இரசம் செய்வோர் குளிரில் நொதிக்க வைத்து, இளமையிலேயே அருந்தத் தருவர். தோலின் நிறம் கருமையாயினும் இரசம் மென்சிவப்பே. உலகெங்கும் இதை உண்ணும் பழமாகவே மிகுதியும் மதிக்கிறார்கள். கம்பத்திலும் பெரும்பகுதி பழக்கடைக்குத்தான் போகிறது.

இனி வரலாற்றுக்கு வருவோம். 1832இல் ஒரு பிரெஞ்சுக் குரு இத்திராட்சையைத் தமிழகத்துக்குக் கொண்டுவந்தார் என்று பரவலாக எழுதப்படுகிறது. 2023இல் கம்பம் பன்னீர்த் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோதும் இச்செய்தியே நாளிதழ்களில் வந்தது. நம் முன்னோடிக் குருக்கள்மீது நமக்குள்ள பற்றினால் இதை மகிழ்ந்து ஏற்றுக்கொள்வது எளிது. ஆனால் பன்னீர்த் திராட்சை என்பது தாவரவியலார் 'மஸ்கட் ஹாம்பர்க்' என்றழைக்கும் வகை. அது இங்கிலாந்தின் பெட்போர்டுஷயரில் ஸ்னோ என்னும் தோட்டக்காரர் 1850ஐ ஒட்டி உருவாக்கியதாக அறியப்படுவது. 2003இல் வெளிவந்த மரபணு ஆய்வு அதன் பெற்றோரையும் காட்டிவிட்டது: 'ஸ்கியாவா கிரோசா' என்னும் கருந்திராட்சையும் 'அலெக்சாந்திரியா மஸ்கட்'டும். பிறவாத கொடியை 1832இல் எவரும் கப்பலேற்றியிருக்க முடியாது.

அப்படியானால் அந்தக் குரு கற்பனையா? அவ்வாறு சொல்லவும் துணிய வேண்டியதில்லை. 1776 முதல் புதுச்சேரியில் பாரீசு அன்னிய வேதபோதக சபையினர் பணியாற்றிவந்தனர். புதிய மதுரை மிஷனின் முதல் இயேசு சபைக் குருக்களாகிய பெர்த்ரான் முதலிய நால்வர் அந்நகரை வந்தடைந்தது 1837இல்தான். எனவே 1832 என்னும் ஆண்டு சரியாயின், அவர் பெரும்பாலும் பாரீசு சபையைச் சேர்ந்தவராக இருக்கலாம். கொணர்ந்தது வேறொரு திராட்சை வகையாகவும் இருக்கலாம். கொடி சரியாயின் ஆண்டு பிற்பட்டது. இரண்டையும் ஒருசேரச் சரியென்று சொல்ல இயலாது. உண்மையைத் திருத்துவதால் அவர்களின் பெருமை குறையப்போவதில்லை. இங்கிலாந்துத் தோட்டக்கலையில் கண்ணாடிக் கூரையின்கீழ்க் கணப்பு மூட்டி வளர்க்கப்பட்ட ஒரு கொடி, கம்பத்துச் செம்மண்ணில் திறந்த வானத்தின்கீழ் ஆண்டு முழுதும் காய்ப்பதற்கு, கத்தியின் காலத்தைக் கண்டுபிடித்த பெயர் தெரியாத உழவர்களே பெரிதும் காரணர். அவர்கள் பெயரையும் எந்தப் பதிவேடும் வைத்திருக்கவில்லை.

பீடத்துக்கான இரசத்தைப் பற்றி ஒரு சொல். இயற்கையானதாக, திராட்சையின் கனியாக, கெட்டுப்போகாததாக இருக்க வேண்டும் என்கிறது 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 924ஆம் பிரிவு. இதைக் கண்காணிக்கும் பொறுப்பு ஆயருக்குரியது என 2017இல் உரோமை மீண்டும் நினைவூட்டியது. இங்கே நிலமும் பொழுதும் மறுபடி குறுக்கிடுகின்றன. ஒரு லிட்டர் சாற்றில் ஏறத்தாழ 17 கிராம் சர்க்கரை நொதித்தால் 1 விழுக்காடு மது உண்டாகும். சாரல் காலத்துப் பழத்தில் லிட்டருக்கு 34 கிராம் குறைந்திருந்தால் இரசம் 2 விழுக்காடு வலுவிழக்கும். எங்கள் பக்கத்து வெப்பத்தில் விரைவில் புளித்துக் காடியாகும். ஆகவே திருப்பலிக்கென இரசம் பிழிவோர், எந்த ஊர்ப் பழம் என்பதோடு எந்த மாதத்துக் கவாத்துப் பழம் என்றும் கேட்டு வாங்குவது நல்லது.