விதை எண்ணிலிருந்து சூழல்வரை: ஃபஸ்ஸிங் முடக்கங்களை மறுநிகழ்த்தும் முறையின் வளர்ச்சி

முன்னுரை

தாறுமாறான உள்ளீடுகளை இடைவிடாமல் கொடுத்து மென்பொருளின் வழுக்களை வெளிக்கொணரும் சோதனை முறை ஃபஸ்ஸிங். இதன் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் உள்ளீடுகளை உருவாக்கும் உத்திகளையே பின்தொடர்கின்றனர். ஆனால், ஒரு முடக்கத்தை இன்னொருவர் தம் கணினியில் கட்டளை வரியிலிருந்து மீண்டும் நிகழ்த்த முடிந்தால்தான் அந்த வழு திருத்தப்படும். மறுநிகழ்த்தலுக்கு எது போதும் என்ற கேள்விக்கு எண், கோப்பு, சூழல் என மூன்று விடைகள் அடுத்தடுத்து உருவாயின என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1. விதை எண்

1988இல் விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழகப் பேராசிரியர் பார்ட்டன் மில்லர், இடியும் மழையுமான ஓர் இரவில் தொலைபேசி இணைப்பு வழியே யூனிக்ஸ் கணினியில் வேலை செய்துகொண்டிருந்தார். இணைப்பில் புகுந்த இரைச்சல் எழுத்துகளால் நிரல்கள் முடங்கின. இதை அவர் மாணவர்களுக்கு ஆய்வுத் திட்டமாகக் கொடுத்தார். லார்ஸ் ஃபிரெட்ரிக்சன், பிரையன் சோ ஆகியோருடன் அவர் 1990இல் வெளியிட்ட கட்டுரை, சோதித்த யூனிக்ஸ் வகை ஒவ்வொன்றிலும் 25 முதல் 33 விழுக்காடு பயன்பாட்டு நிரல்கள் முடங்கியதைக் காட்டியது.

மழை இரவின் இரைச்சலைத் திரும்பப் பெற முடியாது. மில்லர் குழுவின் 'ஃபஸ்' நிரலிலோ அதற்கு வழி இருந்தது. சமவாய்ப்பு எண்களின் வரிசையைத் தீர்மானிக்கும் விதை எண்ணைக் கட்டளையிலேயே குறிப்பிடலாம். வெளியிட்ட எழுத்துகளைக் கோப்பில் பதிந்து மறுபடி ஓட்டலாம். பின்னர் சாம் ஓசவார் எழுதிய 'ஸஸுஃப்' கருவியும் இதே நெறியில் நின்றது: விதையும் சிதைவு விகிதமும் மாறாவிட்டால் சிதைவும் மாறாது. ஆனால் விதை எண் தனித்து நிற்காது. அதே கருவியும் அதே மூலக் கோப்பும் உடன் வேண்டும்.

2. கோப்பு

கோப்பையே அனுப்பினால் இந்தச் சார்பு நீங்கும். எனினும் பெரிய கோப்பில் எந்தப் பகுதி குற்றவாளி என்று தேட வேண்டியிருந்தது. ஆண்ட்ரியாஸ் ட்செல்லரும் ரால்ஃப் ஹில்டபிராண்டும் 2002இல் வெளியிட்ட ஆய்வு இதற்குத் தானியங்கி வழி தந்தது. மொசில்லா உலாவியை முடக்கிய 896 வரி எச்டிஎம்எல் பக்கத்தை அவர்களின் முறை ஒரே வரியாகக் குறுக்கியது.

மிகாவ் ஸலெவ்ஸ்கி 2013இல் வெளியிட்ட ஏஎஃப்எல் என்ற ஃபஸ்ஸிங் கருவி, முடக்கிய உள்ளீடுகளைத் தனித்தனிக் கோப்புகளாகச் சேமித்தது. வரிசை எண், நிரலை நிறுத்திய சிக்னல் எண், எந்த உள்ளீட்டிலிருந்து பிறந்தது, எந்த உருமாற்றத்தால் பிறந்தது ஆகிய அனைத்தும் கோப்பின் பெயரிலேயே இருந்தன. 2015இல் அறிமுகமான லிப்ஃபஸ்ஸர் என்ற கருவியோ உள்ளடக்கத்தின் எஸ்எச்ஏ-1 மதிப்பையே பெயரில் சேர்த்தது. சோதனை நிரலின் பெயரை அடுத்து அந்தக் கோப்பின் பெயரைத் தட்டினால், புதிய உள்ளீடு எதையும் உருவாக்காமல் அதை மட்டும் ஓட்டிக் காட்டும்.

3. சூழல்

கோப்பு கையில் இருந்தும் நிரல் முடங்காமல் போவதுண்டு. நினைவக எல்லையை ஒரு பைட் மீறிப் படிக்கும் வழு பல வேளைகளில் ஓசையின்றிக் கடந்துவிடும். 2012இல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட அட்ரஸ்சானிடைசர், மீறல் நடந்த இடத்திலேயே நிரலை நிறுத்தி, அழைப்புத் தடத்தை அச்சிட்டது. ஆனால் அதைச் சேர்த்துக் கம்பைல் செய்யாத நிரலில் இந்த உதவி கிடைக்காது. ஆகவே கம்பைல் செய்யும் முறையும் சான்றின் பகுதியாயிற்று.

2016 டிசம்பரில் தொடங்கிய ஓஎஸ்எஸ்-ஃபஸ் திட்டம் இதை நடைமுறையாக்கியது. டாக்கர் கொள்கலனில் நிரலைக் கம்பைல் செய்தபின், துணை நிரலுக்குத் திட்டத்தின் பெயர், சோதனை இலக்கின் பெயர், கோப்பின் இடம் ஆகிய மூன்றையும் கொடுத்தால் முடக்கம் கண்முன் நிகழும். இழைகள் போட்டியிடும் இயக்குதளக் கருவிலோ இந்த உறுதி குறைகிறது. அங்கே சிஸ்காலர் என்ற ஃபஸ்ஸிங் கருவி, வழுவைத் தூண்டும் சி நிரலையே எழுதித் தர முயல்கிறது. அதையும் சில வேளைகளில் பலமுறை ஓட்ட வேண்டியிருக்கும்.

முடிவுரை

2022இல் வந்த கோ நிரல்மொழியின் 1.18 பதிப்பு, முடக்கிய உள்ளீட்டை மூலநிரலுடனேயே சேமித்து, வழக்கமான சோதனையின்போதெல்லாம் ஓட்டுகிறது. வழுவுக்குச் சான்றாகப் பிறந்த கோப்பு, அது திரும்பாமல் காக்கும் காவலாகிவிட்டது. திறமூல நிரல்களைப் பராமரிப்போரில் பலர் தன்னார்வலர்கள். ஆகவே, கண்டறிந்த முடக்கங்களின் எண்ணிக்கையை மட்டும் கொண்டு ஃபஸ்ஸிங் ஆய்வுகளை மதிப்பிடுவது போதாது. அவற்றுள் எத்தனை அந்தப் பராமரிப்பாளர்களின் கணினியில் ஒரே கட்டளையில் நிகழ்கின்றன என்பதே அளவுகோலாக வேண்டும்.